ரேடியம் என்று உண்மையைச் சொல்கிறவரைத் தண்டிக்கும் தடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சி பெரியகடை வீதிப் பக்கம் அப்பா காலத்திலிருந்து வாட்ச் ரிப்பேர்தான் எங்கள் தொழில். பேட்டரி மாற்றித் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. சாவி கொடுக்கிற பழைய வாட்ச் என்றால் இன்றும் தேடி வருகிறார்கள். ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த, இருட்டில் மின்னும் பூச்சு உள்ள பழைய வாட்சுகளை விற்பதற்கு இணையச் சந்தைகள் போடும் கட்டுப்பாடுகள் பற்றி இந்தக் கடிதம். அந்த டயல்களை லென்ஸ் வைத்துப் பக்கத்தில் பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கதிரியக்கப் பொருளைக் கண்டபடி விற்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாடு இப்போது நடைமுறையில் இருக்கும் விதம், உள்ளதைச் சொல்லி விற்கிறவரை வெளியே தள்ளுகிறது. சொல்லாமல் விற்கிறவரை உள்ளே வைத்திருக்கிறது. வாங்குகிறவர் என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குகிறார். பிறகு அதே வாட்ச் ரிப்பேருக்கு வரும்போது அதைத் திறக்கிறவருக்கும் தெரிவதில்லை.

என் அக்கா மகன் தன் தாத்தாவின் வாட்சை விற்க நினைத்தான். வெஸ்ட் எண்ட் கம்பெனியின் சோவார் பிரைமா. பம்பாய், கல்கத்தாவில் கிளை வைத்து விற்ற சுவிஸ் கம்பெனி அது. ரயில்வேக்காரர்களும் ராணுவத்தினரும் விரும்பிக் கட்டியது. எந்திரம் அருமையாக ஓடியது. டயல்தான் விஷயம். எண்கள் ஒவ்வொன்றின் மேலும் பழுப்பு நிறத்தில் தடித்த பூச்சு, காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தது. 8-ஆம் எண்ணில் ஒரு துணுக்கு பெயர்ந்து டயலின் ஓரத்தில் கிடந்தது. வாட்ச் பல வருடம் ஓடாமல் ஒரே நிலையில் பீரோவில் இருந்ததால், சின்ன முள் நின்ற இடத்தில் முள்ளின் உருவமே டயலில் பழுப்பாகப் பதிந்திருந்தது. முள்ளில் இருக்கிற ரேடியம் அடியில் உள்ள வார்னிஷை அப்படி எரித்துவிடும். எங்கள் தொழிலில் பழகியவர்களுக்கு அந்தத் தழும்பே போதும், கருவி வைத்துப் பார்க்க வேண்டாம்.

இணையத்தில் போடும்போது பையன் என்னிடம் கேட்டுத்தான் விவரம் எழுதினான். டயலிலும் முள்ளிலும் ரேடியம் பூச்சு இருக்கிறது, பூச்சு உதிர்கிறது, தெரியாதவர்கள் திறக்க வேண்டாம் என்று தெளிவாக எழுதினான். சில மணி நேரத்தில் விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். அபாயகரமான பொருள் என்று காரணம். சரி, விதி அதுதான் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதே தளத்தில் அதே மாடல் வாட்ச், அதே வெடித்த பூச்சோடு, வேறு சிலர் போட்டது அப்படியே இருந்தது. அவற்றில் ரேடியம் என்ற சொல்லே இல்லை. ‘அழகான பழைய நிறம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். “மாமா, அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டுப் போட்டா நிக்குமாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்” என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாட்ச் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

அந்தப் பூச்சு என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பல வாடிக்கையாளர்கள் இதைத் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். ரேடியம் தானாக அந்தப் பச்சை வெளிச்சத்தைத் தருவதில்லை. அதோடு துத்தநாக சல்பைடு என்ற தூளைக் கலப்பார்கள். ரேடியத்தின் கதிர் படும்போது அந்தத் தூள் மின்னும். வருடக்கணக்கில் கதிர் பட்டுப் பட்டு அந்தத் தூள் கெட்டுப்போகும், வெளிச்சம் நின்றுவிடும். அதைப் பார்த்து, “பவர் போயிடுச்சுங்க, இப்போ ஒண்ணும் பண்ணாது” என்று நினைத்துக்கொள்கிறார்கள். கெட்டது தூள்தான். ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டு ஆகும். நூறு வருடத்துக்கு முன் பூசிய டயலில் இன்று குறைந்திருப்பது நூற்றில் நான்கு பங்கு, அவ்வளவுதான். மின்னாத டயல்தான் பூச்சு காய்ந்து உதிரும் நிலையில் இருக்கிறது. ஆகவே அதற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அதற்காக, கண்ணாடி உடையாமல் மூடி இறுக்கமாக இருக்கிற ஒரு வாட்சைப் பார்த்து யாரும் அலற வேண்டியதில்லை. ரேடியத்தின் ஆல்ஃபா கதிரைக் கண்ணாடியே தடுத்துவிடும். காமா கதிர் கொஞ்சம் வெளியே வரும். எப்போதாவது கட்டுகிற ஒரு வாட்சில் அது பெரிய அளவு இல்லை. மூடியைத் திறந்து, பூச்சு தூளாகி, மூச்சிலோ வாயிலோ போனால் கதையே வேறு. உடம்பு ரேடியத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்துவிடும். அங்கே உட்கார்ந்து அது வேலையைத் தொடரும்.

இதற்கு ரத்தசாட்சியே இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்ச் நகரத்தில் 1917 முதல் இளம்பெண்கள் டயலில் ரேடியம் பூசும் வேலை செய்தார்கள். மெல்லிய எண்களை எழுத பிரஷ் நுனி கூராக இருக்க வேண்டும். உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ரேடியம் உள்ளே போனது. பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண்ணும் இன்னும் நான்கு பேரும் 1927-இல் வழக்குப் போட்டார்கள். 1928-இல் ஆளுக்கு 10,000 டாலரும் வருடம் 600 டாலரும் என்று சமரசம் ஆனது. அந்தப் பெயின்டைக் கண்டுபிடித்த சபின் வான் சோச்சாக்கியும் அதே ஆண்டு ரத்தம் ஊறாத நோயில் இறந்தார். ரேடியம் ஆபத்து என்று அந்தத் தொழிற்சாலையில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பிரஷ் பிடித்த பெண்களிடம்தான் யாரும் சொல்லவில்லை.

இதை நான் விரிவாக எழுதக் காரணம் உண்டு. எங்கள் தொழிலிலும் வாய் ஒரு கருவி. டயலில் தூசி தெரிந்தால் ரப்பர் பல்பைத் தேட மாட்டார்கள், வாயால் ஊதிவிடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது ட்வீசரையோ பிரஷ்ஷையோ உதட்டில் கவ்விக்கொள்வார்கள். டீ டம்ளர் மேஜையின் ஓரத்திலேயே இருக்கும். திருச்சியில் மட்டும் இல்லை, எந்த ஊர் வாட்ச் கடையிலும் இதைப் பார்க்கலாம். சாதாரண வாட்சில் இதனால் ஒன்றுமில்லை. உதிரும் ரேடியம் டயல் மேஜையில் இருந்தால், அந்த ஓர் ஊதலில் தூள் எல்லாம் முகத்துக்குத்தான் வரும். வாட்சைக் கொண்டுவருகிறவர், “இணையத்தில் வாங்கினேன், நல்ல பழைய பீஸ், கொஞ்சம் சர்வீஸ் பண்ணிக் கொடுங்க” என்பார். விற்றவர் அந்த ஒரு வார்த்தையை மறைத்திருந்தால் இவர் எங்கிருந்து சொல்வார்?

இன்னொரு சங்கதி. பழைய டயலைச் சுரண்டி, புதிதாகப் பெயின்ட் அடித்து, பளபளவென்று எழுத்து போட்டு விற்கும் வியாபாரம் நம் நாட்டில் பெரிதாக நடக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஊதா, ஆரஞ்சு, ராமர் பச்சை என்று எல்லா நிறத்திலும் வரும். எல்லாவற்றின் பழைய டயலிலும் ரேடியம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1960-க்கு முந்தைய மின்னும் டயல் என்றால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். விற்பனைக்கு வரும்போது ரேடியம் கண்ணுக்குத் தெரியாது, விளம்பரத்திலும் அந்தச் சொல் இருக்காது. தளத்தின் கண்ணில் அது சுத்தமான சரக்கு. அந்த டயலைச் சுரண்டியவர் எங்கே உட்கார்ந்து சுரண்டினார், சுரண்டிய தூள் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்யும் ஆட்கள். எனக்கு இது உண்மையிலேயே வயிற்றைப் பிசைகிறது.

கட்டுப்பாடு போடுகிறவர்கள் எல்லா மின்னும் பூச்சையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள் என்பதும் குறை. டயலின் அடியில், 6 மணிக்குக் கீழே, ஸ்விஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள். 1960-களிலிருந்து ரேடியத்தின் இடத்தை அது பிடித்தது. அதன் கதிர் மிகவும் வலுவற்றது, வாட்ச் கண்ணாடியைக்கூடத் தாண்டாது. பன்னிரண்டு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பாதியாகிவிடும். 1965-இல் பூசியதில் இன்று முப்பதில் ஒரு பங்குதான் மிச்சம். அப்புறம் 1993-இல் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி லுமினோவா என்ற பூச்சைக் கொண்டுவந்தது. அதில் கதிரியக்கமே கிடையாது. வெளிச்சத்தை உறிஞ்சிவைத்துத் திருப்பித் தருகிறது. இந்த மூன்றும் ஒன்றல்ல. ட்ரிட்டியம் என்று நேர்மையாக எழுதிய ஒரு விளம்பரமும், உதிரும் ரேடியம் முட்களைப் பொட்டலம் பொட்டலமாக விற்கும் விளம்பரமும் ஒரே தட்டில் நிற்கக் கூடாது. இன்னும் சொல்லப்போனால், அந்த உதிரி முள் பொட்டலங்கள்தான் பல இடங்களில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் விற்பனைக்குக் கிடைக்கின்றன.

இதை வேறு விதமாகவும் செய்ய முடியும். அமெரிக்காவில் 2005-இல் வந்த எரிசக்திச் சட்டம் ரேடியம் பொருட்களையும் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. அதன்படி 2007-இல் செய்த விதிகளில், ஒரு மைக்ரோக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்குக் குறைவாக ரேடியம் உள்ள, திறக்காத முழுக் கடிகாரத்துக்கு விலக்கு இருக்கிறது. அதற்கு மேல் உள்ளவற்றையும், கழற்றிய டயல், முள்ளையும் ஒரு பொது உரிமத்தின் கீழ் வைத்து நிபந்தனை போட்டிருக்கிறார்கள். முழு வாட்ச் வேறு, கழற்றிய டயலும் முள்ளும் வேறு என்று சட்டமே பிரித்துப் பார்க்கிறது. ரிப்பேர் மேஜையில் நாங்கள் பார்க்கும் பிரிவும் இதேதான். ஒரு சட்டத்தால் பிரிக்க முடிந்ததை, கோடிக்கணக்கான பொருட்களை வகை பிரித்து விற்கும் சந்தைகளால் ஏன் முடியாது?

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். இது தபாலில் போகிற சாமான். விமானத்தில் ஏற்றினால் ஆபத்தான சரக்கு விதிகள் வருகின்றன. கதிரியக்கம் உள்ள கருவிகளை, கதிர் குறைவு என்று பல விதிகளிலிருந்து விலக்குத் தரும் சலுகைப் பொட்டலமாக அனுப்ப வேண்டுமென்றால்கூட, பார்சலின் வெளிப்பக்கத்தில் எங்குமே கதிர் அளவு மணிக்கு 5 மைக்ரோசீவர்ட்டை (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. வீட்டில் இருந்து விற்கும் ஒருவரிடம் அதை அளக்கும் கருவி இருக்காது. நாட்டுக்கு நாடு தபால் விதி மாறுகிறது. ஆகையால் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை என்றால் அதை நான் எதிர்க்க மாட்டேன். நேரில் கைமாற்றிக்கொள்ள மட்டும் அனுமதி என்றாலும் சரிதான்.

நிறைய வாட்ச் சேர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு வருகிறது. அது வாட்ச் மூடிக்குள் நிற்காது. இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன், கிங்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ரேடியம் டயல் உள்ள 30 பழைய ராணுவ வாட்சுகளை எடுத்துப் பார்த்தார்கள். காற்றோட்டம் குறைந்த அறையில் அவற்றை வைத்தால், அந்த நாடு பாதுகாப்பானது என்று சொல்லும் அளவைப்போல 134 மடங்கு ரேடான் சேரக்கூடும் என்று தெரிந்தது. ஒரு வாட்ச் வைத்திருப்பவர் இதற்குப் பதற வேண்டாம். ஒரு பெட்டி நிறையச் சேர்த்து, படுக்கிற அறையில் ஏசி போட்டு ஜன்னலை அடைத்துவைத்திருப்பவர் கட்டாயம் யோசிக்க வேண்டும். அவர் யோசிக்க வேண்டுமென்றால் தன்னிடம் இருப்பது ரேடியம் என்று அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

தகவல் இல்லாமல் கைமாறும் கதிரியக்கப் பொருள் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே 2010-இல் ஒரு துயரம் நடந்தது. டில்லி பல்கலைக்கழகத்தில் கிடந்த ஒரு பழைய கருவியை ஏலத்தில் விட்டார்கள். அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பது தெரியாமல் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்தக் கோபால்ட்டுக்கும் ஒரு வாட்ச் டயலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒப்பிட்டுப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. பிரித்த தொழிலாளியின் கைக்கு வருவதற்குள் பொருளின் உண்மையான பெயர் தொலைந்துபோயிருந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

ஆகவே இணையச் சந்தை நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான். பழைய வாட்ச் விற்க வருகிறவரிடம் பூச்சு ரேடியமா, ட்ரிட்டியமா, கதிரியக்கம் இல்லாததா, தெரியவில்லையா என்று ஒரு கட்டாயக் கேள்வி வையுங்கள். மின்னும் எண்கள் உள்ள 1960-க்கு முந்தைய வாட்சுக்குப் பதில் சொல்லாவிட்டால் விளம்பரம் வெளியே போகக் கூடாது. ரேடியம் என்று சொல்பவரின் முழு வாட்சை, ‘திறக்க வேண்டாம், பூச்சைச் சுரண்ட வேண்டாம்’ என்ற எச்சரிக்கையோடு உள்நாட்டில் விற்க விடுங்கள். உதிரி டயல், உதிரி முள், கண்ணாடி உடைந்த வாட்ச், பழைய பூச்சை எடுத்துப் புதிது பூசித் தருகிறோம் என்ற சேவை, இவற்றை ஒட்டுமொத்தமாக நிறுத்துங்கள். இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம். பழைய டயலைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்த, அதாவது ரீடயல் செய்த வாட்ச் என்றால் அதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

நம் நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. மும்பையில் தலைமையகம், சென்னையில் மண்டல அலுவலகம் என்று இருக்கிறது. மருத்துவமனை எக்ஸ்ரே, தொழிற்சாலைக் கதிர்க் கருவி இவற்றையெல்லாம் அவர்கள் கண்காணிக்கிறார்கள். வாட்ச் ரிப்பேர் கடைகளுக்கு ஒரு பக்கத்தில், தமிழில், படத்தோடு ஒரு தாள் போட்டால் என்ன? ரேடியம் டயலை எப்படி அடையாளம் காண்பது, வாயால் ஏன் ஊதக் கூடாது, பெயர்ந்த துணுக்கை எதில் போட்டு வைப்பது, யாரிடம் ஒப்படைப்பது என்று நான்கு விஷயம் போதும். எங்கள் தெருவுக்கு அப்படி ஒரு தாள் வந்ததே இல்லை. கடைசிக் கேள்விதான் எங்களுக்கு மிகவும் அவசியம். பெயர்ந்த பூச்சை நான் ஜிப் கவரில் போட்டு, அதன் மேல் எழுதி, மூடிய டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன். குப்பையில் போட மனம் வரவில்லை. வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

ரேடியம் டயலை நான் சுரண்டித் தருவதில்லை, புதிதாகப் பூசித் தருவதும் இல்லை. எந்திரம் சர்வீஸ் வேண்டுமென்றால் கையுறை போட்டு, ஈரத் துணி விரித்து, டயலைக் கழற்றியதும் கவருக்குள் வைத்துவிட்டு, எந்திரத்தை மட்டும் பார்ப்பேன். வேலை முடிந்ததும் துணியையும் அந்த டப்பாவிலேயே போடுவேன். இப்படிச் செய்ய ஆகும் நேரத்துக்கு வாடிக்கையாளரிடம் கூடக் காசு கேட்க வேண்டியிருக்கிறது. விவரம் சொன்னால் மறுக்காமல் கொடுக்கிறார்கள்.

வாசகர்கள் வீட்டில் தாத்தா காலத்து வாட்சோ, படுக்கையருகே வைக்கும் பழைய அலாரம் டைம்பீஸோ இருக்கலாம். எண்களின் மேல் பழுப்பாகத் தடித்த பூச்சு இருந்தால் அதைத் திறக்காதீர்கள், குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தால் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிவையுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்தால் கொடுக்கும்போதே, “இதில் ரேடியம் இருக்கலாம்” என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரரிடம் மட்டும் போடாதீர்கள்.

இந்தக் கடிதத்தை வாரியத்தின் பார்வைக்கும் தாங்கள் அனுப்பிவைத்து, அவர்கள் பதில் தந்தால் அதையும் இதே பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாட்ச் ரிப்பேர்காரர்,
பெரியகடை வீதி, திருச்சி.